ஒன்பதாவது கேள்விக்கு நீ எழுதிய பதில்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம், மாடுகள் நலம், இடது காது மட்டும் முழு விடுப்பு எடுத்துக்கொண்டுவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. மீதிப் பாதிக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். போனில் தலையாட்டினால் உனக்கு எப்படித் தெரியும் என்று வைத்த பிறகுதான் உறைத்தது. அதனால் பழையபடி கடிதமே.

நிலத்தை உழாமல் புல் வளர்த்தால் அரசாங்கம் பணம் தரும் திட்டத்துக்கான இந்த வருடத்து உறுதிமொழி இத்துடன் இருக்கிறது. வழக்கம்போல நீ ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு மண்வள அலுவலகத்தில் சேர்த்துவிடு. அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டாலே போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படிக் கிறுக்கிக் கொடுக்க மனம் வருவதில்லை. நான்கு வருடமும் எழுதியதுபோலவே இந்தத் தடவையும் என் கையால் முழுதாக எழுதியிருக்கிறேன்: "இந்த ஆண்டு இந்த நிலத்தில் நான் ஏர் ஓட்டவில்லை. விதைக்கவில்லை. அறுவடை செய்யவில்லை. மூலையில் ஒரு கீரைப் பாத்திகூடப் போடவில்லை." எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாதே, சொல்லி அனுப்பு, வேறு தாளில் எழுதித் தருகிறேன்.

பக்கத்து வயல்காரர் இன்னமும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். "என்னம்மா, சும்மா இருக்கறதுக்குச் சம்பளம் வந்துடுச்சா?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறார். சும்மா இருப்பதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? வேலி கட்ட வேண்டும். முள்செடியை வேரோடு எடுக்க வேண்டும். ஓடைக் கரையில் நட்ட கன்றுகளுக்குக் கோடையில் குடம் குடமாக ஊற்ற வேண்டும். காடைக் குஞ்சுகள் ஓடப் பழகிய பிறகுதான் புல்லை ஒரே ஒருமுறை அறுக்க வேண்டும். மூன்று ஏக்கரிலும் உழாமல் இருப்பது உழுவதைவிடப் பெரிய பாடு.

ஆனால் பலன் கண்முன்னால் தெரிகிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு மழைக்கும் ஓடை நம் கரையில் மூன்று உழவுச்சால் அகலத்தைக் கடித்துக்கொண்டு போகும். இந்த மழையில் ஒரு கைப்பிடி மண் போகவில்லை. தண்ணீர் தெளிந்து ஓடுகிறது. போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன், பெருமையாக இருந்தது.

திட்டத்தின் ஐந்து வருட ஒப்பந்தம் ஏப்ரல் பத்தாம் தேதியோடு முடிகிறது. இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே மனுக் கொடுக்க வேண்டுமாம். நிலம் உன் பேரிலும் உழுது சாப்பிடும் உரிமை என் பேரிலும் இருக்கும்படி அப்பா எழுதிவைத்துவிட்டதால், மனுவில் உன் கையெழுத்து வேண்டும். மறக்காமல் போட்டு அனுப்பு.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் உறுதிமொழியும் கிடைத்தன. ஒரு பிழையும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் பட்டம் வாங்கிய ஜூனியர் வக்கீல்கள் எழுதுவதைவிட நன்றாக எழுதுகிறாய். உன்னைப்போல் நேர்மையாக இருக்க என்னால் முடியாது அக்கா, இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், ஒரு நகலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பெரிய வக்கீலுக்கு ஒரே வாரத்தில் நான்கு வழக்கு. கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நான் ஓடுவதைப் பார்த்தால், குமாஸ்தா என்று சொல்ல மாட்டாய், கூலி என்பாய். போதாக்குறைக்கு வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விற்கப்போகிறாராம். வாங்கு, இல்லை காலி செய் என்கிறார். பதினேழு வருடம் வாடகை கொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

நீட்டிப்பு மனுவைப் பற்றிக் கவலைப்படாதே. இதெல்லாம் ஒரு சடங்கு. தேதி தாண்டிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஏப்ரல் மூன்றாவது வாரம் நானே நேரில் வருகிறேன். வந்து உட்கார்ந்து நிதானமாக எழுதுவோம். அதுவரை நிலம் இருக்கிறபடியே இருக்கட்டும். எதையும் நடாதே, எதையும் கிளறாதே. கடைசி நேரத்தில் ஏதாவது செய்து வருடாவருடம் ஆய்வுக்கு வருகிற அந்தக் குச்சிக்காரர் கண்ணில் பட்டுவிட்டால் ஐந்து வருட உழைப்பும் வீண்.

இன்னொன்று. அப்பாவின் தகரப் பெட்டியில் இருக்கிற பத்திரங்களை, முக்கியமாக அவர் எழுதிய உயிலை, பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பிவை. அங்கே கரையான் அரித்துவிடும். இங்கே இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

உன் தம்பி

பிப்ரவரி 27

தம்பிக்கு,

பெட்டியைத் துடைத்து, பத்திரங்களைத் துணியில் சுற்றி, தபால் ஆபீசுக்குப் போகப் புடவைகூட மாற்றிவிட்டேன். அப்போதுதான் வயலில் ஆள் நடமாட்டம் தெரிந்தது.

போய்ப் பார்த்தால் முக்காலியில் ஏதோ கருவியை நிறுத்தி ஒருவர் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிவப்புத் துணி கட்டிய இரும்பு முளைகள் வரிசையாக அடித்திருக்கின்றன. ஒன்று நேராகக் காடைப் புதருக்குள். எனக்கு வந்ததே கோபம்.

"யாருய்யா நீ? யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

"ஓனர் அனுப்பினாரும்மா. குடோன் கட்டப் போறாங்கல்ல, அதுக்கு அளவு எடுக்கறேன்."

"எந்த ஓனரு?"

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்து உன் பேரைச் சொன்னார்.

"அப்ப நான் யாரு?"

அந்த மனுஷன் நல்ல மாதிரிதான். தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "உங்களைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லீங்களே" என்றார். பாவம், வெயிலில் முகமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகு, அடித்த முளைகள் அத்தனையையும் அவர் கையாலேயே பிடுங்க வைத்து அனுப்பினேன்.

கிடங்கு கட்டுவதா? யார் கட்டுவது? எங்கே? என் காதில் விழுந்தது சரிதானா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அவர் கத்திச் சொன்னார். பக்கத்து வயல்காரருக்கே கேட்டிருக்கும்.

நீ ஏதோ காரணத்துக்காக அளக்கச் சொல்லியிருப்பாய், என்னிடம் சொல்ல மறந்திருப்பாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதிலும் நீ அப்படித்தான், செய்துவிட்டுச் சொல்வாய். ஆனால் வந்தவர், ஏப்ரல் பதினொன்றாம் தேதி மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நீ வருவதோ மூன்றாவது வாரம். ஒப்பந்தம் முடிவதோ பத்தாம் தேதி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு என்னமோபோல் இருக்கிறது.

பெட்டியை அனுப்பவில்லை. கரையான் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த அளவைக்காரர் வாய் ஓயாதவர். அவர் பேச்சை நம்பி நீ மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. விஷயம் இவ்வளவுதான். சாலையோரத்தில் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி இடம் தேடுகிறது. எங்கள் வக்கீலின் கட்சிக்காரர்கள். நம் வயல் சாலைக்கும் ஓடைக்கும் நடுவில் இருப்பதால், என்ன விலை போகும் என்று பேச்சு வந்தது. விலை தெரிந்துகொள்வதில் என்ன தப்பு? கடையில் ஒரு பொருளின் விலையைக் கேட்டாலே வாங்கிவிட்டதாக ஆகிவிடுமா?

அதுவும்போக, என் பேரில் இருக்கிற நிலத்தை நான் அளந்து பார்ப்பதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அந்த ஆள் முளையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்து எல்லார் முன்னாலும் சொன்னதில் எனக்கு எவ்வளவு தலைகுனிவு தெரியுமா?

மேலே எழுதியது வேகத்தில் வந்துவிட்டது. அடித்தால் அசிங்கமாக இருக்கும், புதுத்தாள் எடுக்கவும் நேரமில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உன்னை நான் நடுத்தெருவில் விட்டுவிடுவேனா? திட்டத்தில் சேர்த்ததே நான்தானே? மாமா தவறிய பிறகு முழங்கால் வலியோடு நீ தனியாக உழுது கஷ்டப்படுகிறாய் என்று பார்த்து, நானே படிவம் வாங்கி, நானே நிரப்பி, பணம் உன் வங்கிக் கணக்குக்கே வரும்படி செய்தேன். அதில் ஒரு காசு நான் தொட்டதில்லை. அதை மட்டும் நினைத்துப் பார்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் கட்டாயம் வருகிறேன். அதுவரை நிலத்தில் எதுவும் செய்யாதே.

உன் தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

இரண்டு கடிதத்திலும் ஒரே வரியை எழுதியிருக்கிறாய்: நிலத்தில் எதுவும் செய்யாதே. முதல் தடவை அக்கறை என்று படித்தேன்.

புதன்கிழமை குச்சிக்காரர் கடைசி வருட ஆய்வுக்கு வந்தார். உனக்குத்தான் தெரியுமே, அளவு குறித்த குச்சியைப் புல்லில் ஊன்றிப் பார்த்து எழுதிக்கொண்டு போவாரே, அவர்தான். மூன்று ஏக்கரையும் சுற்றி வந்து, "இந்த வட்டாரத்துலயே உங்க நிலம்தாம்மா முதல்" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். நீட்டிப்பு மனு தம்பி கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்றேன்.

"நீட்டிக்க வேண்டாம்னு ஜனவரியிலயே எழுதிக் கொடுத்துட்டாரேம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து கோப்பை எடுத்து வந்து, மாட்டுக்கொட்டகைப் பக்கம் கிடந்த மரப்பெட்டியின் மேல் வைத்துப் பிரித்தார். ஐந்து வருடத்துக்கு முந்தைய உன் விண்ணப்பம். உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? முதன்முதலில் பலகையில் உன் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான்.

ஒன்பதாவது கேள்வி: இந்த நிலத்தில் பயிர் செய்யும் உரிமை உரிமையாளரைத் தவிர வேறு யாருக்காவது உண்டா? அதற்கு நேராக அழகாக எழுதியிருக்கிறாய், "யாருக்கும் இல்லை" என்று. உண்டு என்று என் பேரை எழுதியிருந்தால், புல் வளர்த்த ஐந்து வருடமும் நான் பயிர் செய்ததாகவே கணக்காகியிருக்குமாம். அதற்காகவே அந்தக் கேள்வியை வைத்திருக்கிறார்களாம். குச்சிக்காரர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் கேட்டேன். முழு வயலையும் கொடுத்தால்தான் திட்டத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்று நீ சொன்னாயே, அது உண்மையா என்று. "அப்படி யாரு சொன்னது? கரையோரம் பத்தடி கொடுத்தாலே எடுத்துக்குவோம். பாதிப் பேர் அப்படித்தான் கொடுத்திருக்காங்க" என்றார்.

மறுநாள் பஸ் ஏறிப் போய், உன் ஊரில் இல்லாமல் வேறு ஊரில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தேன். அப்பாவின் உயிலைப் படித்துக் காட்டினார். மகள் பயிர் செய்யும்வரை நிலத்தை அனுபவிக்கும் உரிமை அவளுடையது, ஐந்து வருடம் தொடர்ந்து பயிர் செய்யாமல் போட்டால் அந்த உரிமை போய் நிலம் முழுதும் மகனைச் சேரும். இந்த வரி எனக்கும் தெரிந்ததுதான். அரசாங்கத்துக்காகப் புல் வளர்ப்பது நிலத்தைப் போட்டுவைப்பதாகும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அந்த ஐந்து வருடம் ஏப்ரல் பத்தோடு நிறைகிறதாம், அதற்குள் ஏர் வைத்து விதைத்தால்தான் உரிமை நிற்குமாம்.

"நீங்க பயிர் பண்ணலைன்னு நிரூபிக்க அவங்ககிட்ட சாட்சி வேணுமேம்மா" என்றார் அந்த வக்கீல். சாட்சியை நான்தானே வருடம் தவறாமல் எழுதி, தபால் தலை ஒட்டி, உனக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன்? ஐந்து தாள். கீரைப் பாத்திகூடப் போடவில்லை என்று. இரண்டாம் வருடம் எருக்குழி ஓரத்தில் தானாக முளைத்த பூசணிக்கொடியை, பிஞ்சு விட்டிருந்ததைக்கூடப் பார்க்காமல் பிடுங்கிப் போட்டேன். அதையும் உனக்கு எழுதினேன். நீ என்ன பதில் எழுதினாய் என்று நினைவிருக்கிறதா? "அக்கான்னா அக்காதான்" என்று எழுதினாய்.

அந்தப் பூசணியை விட்டிருந்தால்கூட எனக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்குமாம். வக்கீல் சொன்னார். வீட்டுக்கு வந்து எருக்குழி ஓரம் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நிலம் போகிறதே என்றுகூட இல்லை. நான் எழுத எழுத நீ அதைப் படித்து அடுக்கி வைத்திருக்கிறாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்நியன் செய்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். உன்னை என்னவென்று திட்டுவது?

அக்கா

மார்ச் 24

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

ஒன்பதாவது கேள்விக்கு அப்படி எழுதியபோது என் மனதில் கள்ளம் இல்லை. நீ நம்ப மாட்டாய். உன் பேரை எழுதினால் உயில் நகல், உரிமைச் சான்று, உன் நேரடி விசாரணை என்று ஆறு மாதம் இழுப்பார்கள். அந்த வருடம் மனு வாங்கும் கடைசி நாள் அடுத்த நாளாக இருந்தது. இல்லை என்று எழுதினால் வேலை முடிந்தது. குமாஸ்தா புத்தி, அவ்வளவுதான்.

மூன்றாம் வருடம் வேறு யாருடைய வழக்குக்கோ கட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். இதேபோல ஒரு உயில். இதேபோல ஒரு வரி. தரையில் உட்கார்ந்து முழுதும் படித்தேன். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். அதற்குள் உன் நான்காவது உறுதிமொழி வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதாமல் இருந்துவிட்டால் என்ன என்று முதல் தடவையாக நினைத்தேன். அந்த நினைப்பு வந்த பிறகு அது போகவே இல்லை.

ஆனால் என் பக்கம் ஒன்றுமே இல்லையா அக்கா? பதினாறு வயதில் அப்பா என்னை டவுனுக்கு வேலைக்கென்று பஸ் ஏற்றிவிட்டார். நான் படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டில் ஒரு வாய் குறைய வேண்டியிருந்தது, அந்த வாய் என்னுடையது. அன்றிலிருந்து இன்னொருவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்கிறேன். கடைசியில் அப்பா எனக்கு என்ன கொடுத்தார்? காகிதத்தை என்னிடம் கொடுத்தார், மண்ணை உன்னிடம் கொடுத்தார். பதினெட்டு வருடமாக நிலச் சொந்தக்காரன். ஒரு மூட்டை தானியம் வீட்டுக்கு வந்ததில்லை. நீ தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காததை நீ பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டாய். அது பெருந்தன்மை இல்லை. உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஜூனுக்குள் இந்த வீட்டை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போக வேண்டும். நான் ஐம்பத்தொரு வயதில் தட்டுமுட்டுச் சாமானோடு தெருவில் நிற்பதை நினைத்துப் பார். நிலத்தை விற்றால் வீட்டை வாங்கிவிடலாம். முன்னறை உனக்கு. ஜன்னல் உள்ள அறை. உன்னைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவேன். இதை எழுதித் தரவும் தயார்.

நீயும் எவ்வளவு நாள்தான் அந்த முழங்காலோடு மாட்டுக்குப் பின்னால் நடப்பாய்?

தம்பி

ஏப்ரல் 2

அக்கா,

பதில் இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. காது கேட்காததாலா, வேண்டுமென்றேவா?

டிராக்டர்காரரை நீ வரச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து நிலத்தில் ஏர் வைக்காதே. ஒப்பந்தத்தின் நடுவில் உழுதால் ஐந்து வருடமும் கொடுத்த பணம் முழுவதையும் அபராதத்தோடு திருப்பிக் கேட்பார்கள். விண்ணப்பதாரர் நான். என்னால் முடியாது அக்கா. வீடும் போய், வாழ்நாள் முழுக்கக் கடனும் கட்டிக்கொண்டிருப்பேன்.

உனக்கு நிலத்தில் எழுதித் தருகிறேன், பாதி. பாதிக்கு மேலும் தருகிறேன். பத்தாம் தேதி தாண்டட்டும், உட்கார்ந்து பேசுவோம்.

நீ வளர்த்த புல் அது. உனக்கு மனசு வருமா?

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நேற்று முன்தினம் உழுதுவிட்டேன்.

மனசு வருமா என்று கேட்டிருந்தாய். வரவில்லை. டிராக்டர்காரருக்கும் வரவில்லை. வேலியோரம் வண்டியை நிறுத்திவிட்டு, "அஞ்சு வருஷமா பிள்ளை மாதிரி வளர்த்தீங்க. நல்லா யோசிச்சுட்டுத்தானே சொல்றீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். யோசித்தாகிவிட்டது, ஓட்டுங்கள் என்றேன்.

அதற்கு முன்னால் காலையிலேயே போய்ப் புல்லுக்குள் நடந்து காடைக் கூடுகளைத் தேடினேன். பதினொன்று கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பு நட்டு வைத்தேன். அந்த மனுஷன் பொறுமையாகச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். என் கண்ணில் படாத கூடுகளும் இருந்திருக்கும். அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. கரையோரம் பத்தடியைத் தொடவில்லை, கன்றுகள் அப்படியே நிற்கின்றன. முதலிலேயே அந்தப் பத்தடியை மட்டும் கொடுத்திருந்தால் இன்றைக்கு யாருக்கும் ஒரு வம்பும் இல்லை. முழு வயல் என்று ஏன் சொன்னாய் என்று மட்டும் நீ பதில் எழுதவே இல்லை. முதல் வருடம் கள்ளம் இல்லை என்கிறாய். அந்த ஒன்றுக்கு நீ பதில் சொல்லாதவரை நான் எதை நம்புவது?

உழுத மண் கறுப்பாக, ஈரமாக, பொலபொலவென்று மண்புழுக்களோடு புரண்டது. நம் நிலத்தில் இப்படி ஒரு மண்ணை அப்பா காலத்தில்கூட நான் பார்த்ததில்லை. அவ்வளவு நல்ல மண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியாமல் நின்றேன். அன்று சாயந்திரமே சோளம் விதைத்தேன். பெண் வக்கீல் விதைப்பை நேரில் வந்து பார்த்து, இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தார். அதில் ஒருவர் பக்கத்து வயல்காரர். அவர் சிரிக்கவில்லை. நிலம் இனி என் கையைவிட்டுப் போகாது, வக்கீல் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

பதினாறு வயதில் உன்னைப் பஸ் ஏற்றியதைப் பற்றி எழுதியிருந்தாய். அது நியாயம்தான். உனக்கு ஒரு மூட்டை அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனதும் என் தப்புதான். நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள இப்போது சுலபமாக இருக்கிறது. ஆனால் நீ சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். ஊரறியச் சண்டை போட்டிருக்கலாம். வழக்குப் போட்டிருந்தால்கூட நான் வந்து எதிரில் நின்றிருப்பேன். என் கையெழுத்தை வைத்தே என்னை அழிக்கப் பார்த்தாயே. என் நிலத்தை விற்று எனக்கே ஒரு ஜன்னல் வைத்த அறை. அதில் உட்கார்ந்து நான் உன்னைக் கடைசிவரை நல்லவன் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

இன்று காலை மண்வள அலுவலகத்துக்கு நானே போனேன். இந்தத் தடவை உன் வழியாக அனுப்பவில்லை. கையால் எழுதிக்கொண்டு போனேன்: "ஒப்பந்தம் முடியும் முன்பே இந்த நிலத்தில் நான் ஏர் ஓட்டினேன். விதைத்தேன்." மறைக்க எனக்குத் தெரியாது. குச்சிக்காரர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

நீ எழுதியது சரிதான், முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டுமாம். அந்தப் பணத்தை ஐந்து வருடமும் சாப்பிட்டவள் நான். உன் வீடு போவதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அதனால் இரண்டு மாடுகளை விற்று, சேமிப்பையும் எடுத்து ஒரு பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். மேசை மேல் வைத்து, இதை வாங்கிக்கொள்ளுங்கள், மீதியையும் என் பேரிலேயே போடுங்கள், தவணையில் கட்டுகிறேன் என்றேன்.

அவர் கோப்பைத் திருப்பினார். ஒன்பதாவது கேள்வி இருந்த பக்கத்தில் நிறுத்தினார். இந்தத் தடவை என்னை நேராகப் பார்த்தே சொன்னார், காதுக்குக் கேட்கும்படி மெதுவாக, சத்தமாக: "உங்ககிட்ட வாங்க முடியாதும்மா. உங்க பேரை எங்க சேர்க்கறது? இந்த நிலத்துல உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு அவரே எழுதிக் கொடுத்திருக்காரு."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் பையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டார். மதியப் பஸ்ஸில் திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

நோட்டீஸ் ஒரு மாதத்துக்குள் வருமாம், உன் பேருக்கு மட்டும்.

அக்கா